ரசமட்டத்தின் ஆறு வேளை

அந்தத் தொலைபேசிப் பேச்சு ரசமட்டத்துக்கு இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும். பேசுகிற பெண்ணின் முகத்தை அவர் பார்த்ததில்லை. கேள்வித்தாள் வேறு மொழியில் இருந்தது. அவள்தான் ஒவ்வொரு கேள்வியையும் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக் கேட்பாள். அதனால் வீட்டில் அவளுக்குக் ‘கேள்விக்காரப் பொண்ணு’ என்று பெயர் விழுந்திருந்தது. அது மூன்றாவது அழைப்பு. உணவுக்குழாயில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ரசமட்டம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். எதிரே அவர் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, போன ஒரு வாரத்தை மட்டும் நினைச்சுச் சொல்லுங்க. இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, ரொம்ப. நாலுல ஒண்ணு.”

“தெரியும்மா. சின்ன வயசுல எழுதாத பரீட்சையெல்லாம் இப்ப எழுதறேன்.”

“கெட்டியான சாப்பாடு முழுங்கக் கஷ்டமா இருந்துச்சா?”

“இல்லவே இல்லை.”

“கூழ் மாதிரி இருக்கிறது?”

“இல்லவே இல்லை.”

“மத்தவங்க முன்னாடி சாப்பிடச் சங்கடமா இருந்துச்சா?”

“என் பொண்டாட்டி முன்னாடி சாப்பிட எனக்கென்ன சங்கடம்? இல்லவே இல்லை.”

மனைவி ஒரு கைக்குட்டையை உதறி நாலாக மடித்தாள். தலை நிமிரவில்லை.

“நோய் திரும்ப வந்துடுமோன்னு கவலைப்பட்டீங்களா?”

இந்த இடத்தில் மட்டும் அவர் ஒரு மூச்சு தாமதித்தார். “அதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது?”

“இல்லவே இல்லைன்னு போட்டுக்கவா?”

“போட்டுக்கோ.”

“இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“இது உன் பேப்பர்ல இருக்கா?”

“இல்லைங்க. சும்மா கேட்டேன்.”

பதில் மனைவியிடமிருந்து வந்தது. “ஒரு அவிச்ச முட்டை, ஒரு துண்டு ரொட்டி. தட்டைக் காலி பண்ணிட்டாரு.”

“சரிங்கம்மா,” என்றாள் அந்தப் பெண். பேச்சு முடிந்தது.

தட்டு காலியானது உண்மைதான். ஆனால் முட்டையில் பாதியும் ரொட்டியில் முக்காலும் ரசமட்டத்தின் கால்சட்டைப் பையில், கைக்குட்டைக்குள் இருந்தன. ஆறு வாரமாக இதே கதை. மெல்லுவார், மெல்லுவார், மாவாகும்வரை மெல்லுவார். விழுங்கினால் கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் போய் நின்றுகொள்ளும். கீழேயும் போகாது, மேலேயும் வராது. மனைவி தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரம் பார்த்து, வாயில் மிச்சமிருப்பது கைக்குட்டைக்குள் போகும்.

அவருக்குத் தொழில் டைல்ஸ் பதிப்பது. இருபத்தெட்டு வருடமாகத் தரையும் சுவரும்தான் அவர் உலகம். தளம் சரிவில்லாமல் இருக்கிறதா என்று ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்க்காமல் அவர் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருமுறை விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேஜை ஆடுகிறது என்று கீழே குனிந்து, அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மனைவியின் தம்பி, சுவர்ப்பூச்சு வேலைக்காரன், அன்றைக்கு வைத்த பெயர்தான் ரசமட்டம். பிறகு சொந்தப் பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுபோயிற்று.

அறுவைச் சிகிச்சை முடிந்து டாக்டர் படம் போட்டு விளக்கினார். உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்தாகிவிட்டது. இரைப்பையையே குழாய்போல ஒடுக்கித் தைத்து, நெஞ்சுக்குள் இழுத்து, மேலே மிச்சமிருந்த துண்டோடு சேர்த்திருந்தார்கள்.

“அப்ப கீழ் வீட்டுக்காரனை மாடிக்குக் குடி வச்சிருக்கீங்க,” என்றார் ரசமட்டம், அறுவையில் கம்மிப்போன குரலில்.

“அப்படித்தான். ஆனா மாடி சின்ன வீடு. ஒரே நேரத்துல நிறைய சாமான் ஏத்தக்கூடாது. மூணு வேளையை ஆறு வேளையாக்குங்க. சாப்பிட்டதும் படுக்கக்கூடாது, குனியக்கூடாது. தலைமாட்டை உசத்தியே படுங்க.”

வீட்டுக்கு வந்ததும் மிச்ச டைல்ஸ் துண்டுகளைக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அடுக்கினார். இரண்டு பக்கமும் ஒரே உயரம்தானா என்று குறுக்கே ரசமட்டக் கட்டை வைத்துப் பார்த்தார். “எல்லாம் மட்டமா இருக்கணும்னு வாழ்ந்தவனைக் கடைசியில சரிவுல படுக்க வச்சுட்டாங்க,” என்றார். தூக்கத்தில் சறுக்கிச் சறுக்கி, விடியும்போது கணவனும் மனைவியும் கால்மாட்டில் ஒருவர்மேல் ஒருவர் குவிந்து கிடந்தார்கள். மறுநாள் மனைவி விரிப்புக்கு அடியில் ரப்பர் பாய் போட்டாள்.

மச்சினன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஆறு வேளைச் சாப்பாடா மாமா? ராஜாவுக்குக்கூட மூணுதான்.”

“நீ ஒரு நாள் என் அளவுல சாப்பிட்டுப் பாரு மாப்ளே. ஆறாவது வேளை வர்றதுக்குள்ள அக்கா வீட்டுக் கதவையே கடிப்பே.”

முதல் ஆறேழு மாதம் அப்படித்தான் சமாளித்தார்கள். ஒருமுறை வேலை முடிந்த கட்டடத்தில் கேக் வெட்டினார்கள். ஆசையாக ஒரு துண்டு தின்றவர், கால் மணி நேரத்தில் வியர்வையில் குளித்து, நெஞ்சு படபடக்க, சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இனிப்பு சட்டென்று குடலுக்கு இறங்கினால் அப்படி ஆகுமாம். சரி, இனிப்பு போயிற்று. தரையில் மண்டிபோட்டுக் குனிந்தால் தொண்டைவரை கசப்பு ஏறும். சரி, வெறும் வயிற்றில் குனிந்தால் போயிற்று. எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த அடைப்புக்கு மட்டும் வழி தெரியவில்லை. ஏனென்றால் அவருக்கு நோய் முதலில் வந்ததும் இப்படித்தான், விழுங்கியது நடுவில் நின்று. யாரிடமாவது வாயைத் திறந்து சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

அந்தப் பேச்சுக்கு மறுநாள் முற்பகலில், ஒரு புது வீட்டின் கூடத்தில் அவர் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதித்த டைல்ஸ் காய்ந்ததும் ரப்பர் சுத்தியலின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டுவது அவர் வழக்கம். அடியில் கலவை நிறைந்திருந்தால் ‘டக்’ என்று கெட்டிச் சத்தம் வரும். காலியாக இருந்தால் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்புத்தான். வெற்றுச் சத்தம் வந்த டைல்ஸில் அவர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பிறகு தயவு தாட்சண்யம் இல்லாமல் பெயர்த்து எடுப்பார்.

மூன்றாவது வரிசையில் இருக்கும்போது போன் அடித்தது. கேள்விக்காரப் பொண்ணு. மூன்று மாதக் கணக்குப்படி அவள் இப்போது கூப்பிடவே கூடாது.

“ஐயா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இல்லைம்மா. வேலை இடத்துல இருக்கேன்.”

“ஸ்பீக்கர்?”

“அதுவும் இல்லை.”

அவள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “போன மாசம் நீங்க இங்க வந்தப்ப எடை ஐம்பத்தெட்டு. இந்த மாசம் எடுத்தது ஐம்பத்துமூணு. பேப்பர்ல எல்லாத்துக்கும் இல்லவே இல்லைன்னு இருக்கு. நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேக்கலாமா?”

ரசமட்டம் தரையைப் பார்த்தார். சுத்தியலின் பிடி ஒரு டைல்ஸின்மேல் நின்றிருந்தது.

“கெட்டியான சாப்பாடு முழுங்கக் கஷ்டமா இருந்துச்சா?”

“ரொம்ப,” என்றார்.

“எத்தனை நாளா?”

“ஆறு வாரமா. இப்ப ரெண்டு நாளா கஞ்சியும் நிக்குது.”

அவள் பதறவில்லை; ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. “நாளைக்குக் காலையில எட்டரைக்கு வர முடியுமா? வெறும் வயித்தோட. டாக்டர்கிட்ட நான் இப்பவே சொல்லிடறேன்.”

“அது… திரும்ப வந்துடுச்சாம்மா?”

“நான் டாக்டர் இல்லைங்க. எனக்குத் தெரியாது. உள்ள பாத்தாத்தான் சொல்ல முடியும். தையல் போட்ட இடம் சுருங்கினாலும் இப்படி நிக்கும்னு சொல்வாங்க. அதுவா இருந்தா விரிச்சு விடலாம்.” பிறகு, “கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க ஐயா,” என்றாள்.

கூட வர வேண்டியவள் ஒருத்திதான். அவளிடம் சொல்லியாக வேண்டும். கருவிகளை அப்படியே போட்டுவிட்டு ரசமட்டம் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. பகல் பன்னிரண்டரைக்கு அவர் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

சமையலறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. உள்ளே புகைபோக்கி விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினார். மனைவி பாத்திரம் கழுவும் தொட்டியோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டியைத் தொட்டிக்குள் தள்ளித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பாதிச் சாப்பாடு தண்ணீரில் மிதந்தது.

“யாராவது பிடுங்கிட்டுப் போயிடுவாங்களா? உக்காந்து தின்னா என்ன?”

“நீங்க என்ன இந்த நேரத்துல?”

அவர் கதவையும் விசிறியையும் பார்த்தார். தான் திரும்பும்போது வாசனை கூடத்தில் தங்கியிருக்கக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. தன்னோடு மேஜையில் உட்கார்ந்து அவள் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்தார். அறுவைக்கு முன்னால். அவள் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்ததை இத்தனை நாள் பார்க்காமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் மறந்துவிட்டது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அடுப்பு மேடையில் பிரித்து வைத்தார். காலையில் வாயில் போட்ட ரொட்டி, மென்றது மென்றபடி.

அவள் ஆச்சரியப்படவில்லை. “இதை எதுக்கு இப்ப எனக்குக் காட்டுறீங்க? வீட்டுல கைக்குட்டை துவைக்கிறது யாரு?”

“தெரியுமா உனக்கு?”

“ஆறு வாரமா தெரியும்.”

“தெரிஞ்சும் தட்டு காலின்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னே?”

“நீங்க சொன்னதை நான் எப்படி இல்லைன்னு சொல்றது?”

“என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்,” என்றாள் மனைவி. அதுவரை நின்றபடி சாப்பிட்டுப் பழகியவள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்ததை ரொம்ப நேரம் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் எட்டரைக்குப் போனார்கள். மச்சினன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரி நடைகூடத்தின் சுவர்ப்பூச்சில் இருந்த விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தான். வாய்வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டர், இணைத்த இடத்தில் தழும்பு இறுகிச் சுருங்கியிருக்கிறது, பேனா ரீஃபில் நுழைகிற அளவுதான் வழி இருக்கிறது என்றார். அங்கேயே சின்ன பலூனை வைத்து ஊதி விரித்தார்கள். சந்தேகத்துக்கு ஒரு துளி சதையும் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பயந்தால் பயமாக இருக்கிறது என்றே சொன்னார்கள். பரிசோதனை முடிவில் நோய் இல்லை என்று வந்தது. ஆனால் தழும்பு பிடிவாதக்காரத் தழும்பு. மாதம் ஒன்று என்று இன்னும் இரண்டு தடவை விரிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு ரசமட்டம் தரை வேலையை விட்டுவிட்டார். சுவர் மட்டும்தான். குளியலறை, சமையலறை, நின்றபடி செய்கிற வேலை எதுவானாலும் சரி. அவர் பதித்த கூடங்களைப் பார்த்தவர்கள் தரையும் நீங்களே போடுங்கள் என்று கெஞ்சுவார்கள். “எனக்கும் தரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை,” என்று முடித்துவிடுவார். கருவிப் பையில் வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போனில் வைத்த மணி அடித்தால், கையிலிருக்கும் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். எடை ஐம்பத்தாறில் நிற்கிறது. பழைய எழுபத்தொன்று இனி வராது என்பது அவருக்குத் தெரியும். பழைய கால்சட்டைகளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஓர் ஒப்பந்தம். மத்தியானம் அவர் இப்போது வீட்டுக்கு வந்துவிடுவார்; மேஜையில் இரண்டு தட்டு. அவர் நாலு கரண்டிச் சோற்றோடு நிறுத்திக்கொள்வார். அவர் நிறுத்தினாலும் அவள் நிறுத்தக்கூடாது. ஒப்பந்தத்தை அவள் அடிக்கடி மீறினாள். அவர் கரண்டி கீழே போனதும் அவள் கையும் தானாக நின்றுவிடும். “ம், சாப்பிடு” என்று இவர் சொல்ல, “என்னைக் கண்காணிக்காதீங்க” என்று அவள் எரிந்துவிழ, சாப்பாட்டை விடச் சண்டை அதிக நேரம் ஓடும் நாட்களும் உண்டு. வாசனையால் தனக்கு ஒன்றும் இல்லை, அது பாதிச் சாப்பாடு என்று அவர் எத்தனை சொன்னாலும் சில நாள் சமையலறைக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

ஒரு வருடக் கேள்விக்குக் கேள்விக்காரப் பொண்ணு கூப்பிட்டபோது அவர் ஸ்பீக்கரைப் போடவில்லை. வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். முழுங்கக் கஷ்டமா? கொஞ்சம். மத்தவங்க முன்னாடி சாப்பிடச் சங்கடமா? ஓரளவு. திரும்ப வந்துடுமோன்னு கவலையா? “ரொம்ப. ஆனா தினமும் இல்லை. அதை எதுல சேர்ப்பே?” அவள் ஓரளவு என்று போட்டுக்கொள்கிறேன் என்றாள். முப்பது சொச்சம் கேள்வியும் முடிந்தது. வழக்கம்போல, “வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?” என்று கேட்டாள்.

உள்ளே புகைபோக்கி விசிறி ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

“ஒரு உதவி பண்ணும்மா. இப்ப போனை அவகிட்டக் கொடுக்கிறேன். நான் கேட்டா ‘சாப்பிட்டேன்’னு பட்டுனு சொல்லி வாயை அடைச்சுடுவா. நீ கேளு. என்கிட்டக் கேட்ட மாதிரியே, ஒவ்வொண்ணா, அவசரப்படாம கேளு. உக்காந்து சாப்பிட்டாளா, ருசியா இருந்துச்சா, யார் முன்னாடியாவது சாப்பிடச் சங்கடப்படறாளான்னு. பேப்பர்ல அவளுக்கு இடம் இல்லைன்னா, என் பதிலுக்குப் பக்கத்துல ஓரமா எழுதிக்கோ.”