சூர்யகலாவின் கண்மட்டம்

என் தங்கச்சி சூர்யகலாவிடம் பேசி ஜெயிக்க போடி வட்டாரத்தில் ஆள் கிடையாது. இடுக்கி மலை ஏலத்தோட்டங்களிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள். சரிவில் கூடையோடு ஓடுவாள், சமதரையில் தடுக்கி விழுவாள். அவள் குரங்கணி வீட்டுப் பின்சரிவில் காய்கறித் தோட்டம் போடப்போவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். பின்சுவர் வெறும் மண்சுவர். அதை ஒட்டிய கட்டிலில்தான் ஜீப்பு கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்த அவள் புருசன் பாண்டியராஜ் கிடக்கிறார். அசைக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கொத்திவிட்ட மண்ணோடு மழைத்தண்ணீர் இறங்கி அந்தச் சுவரில் முட்டினால், ஆள் போய்விடுவார்.

அதனால் பாத்தி போடுவதற்கு முன்னாலேயே வாய்க்கால் வேண்டும். சரிவின் குறுக்கே வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஓடையில் தள்ள வேண்டும். எதை வைத்து மட்டம் பார்ப்பது என்பதில் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் தீராத சண்டை.

பாண்டியராஜ் படுத்தபடியே போனில் தோட்டம் வரையும் செயலி ஒன்றை இறக்கியிருந்தார். விரலால் இழுத்தால் கத்தரி, தக்காளி, அவரைப் பந்தல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

"எம்புட்டு அழகா இருக்கு, பாருங்க மச்சான்."

"அழகுதான் மாப்ளே. இதுல மேடு எங்க, பள்ளம் எங்க?"

"அதைக் காட்டாது போல."

"பொறவு இதை வச்சு நாக்கு வழிக்கவா?" என்றேன்.

சூர்யகலாவுக்கு ஒரே சிரிப்பு. "எனக்கு ஒண்ணும் வேணாம்ண்ணே. கண்ணே போதும். மலையில கண்ண வச்சுத்தான் குழி எடுத்தோம்."

கோளாறே அங்கேதான். காலமெல்லாம் சரிவிலேயே நிற்கிறவர்கள் கண்ணுக்குச் சரிவே சமதரையாகப் பழகிவிடும். ஏலச்செடிக் குழி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் முழுகிப்போகாது. வாய்க்கால் அப்படியா?

போடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். டேப்பு நீளத்தைச் சொல்லும், கயிறு நேர்கோட்டைச் சொல்லும். ஏற்ற இறக்கத்தை இரண்டும் சொல்லாது. கடைசியில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை வாங்கினேன். தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், உள்ளே தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து எந்தப் பக்கம் அது அதிக உயரத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கம் தரை பள்ளம்.

நான் குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே மலை கருத்துக் கிடந்தது. அதற்குள் அந்த மகராசி வாய்க்காலை வெட்டி முடித்திருந்தாள்.

ஓடைப்பக்கம் அவளும் வீட்டுப்பக்கம் நானும் குழாயைப் பிடித்தோம். வாய்க்கால் தரையிலிருந்து பார்த்தால், அவள் முனையில் தண்ணீர் கணுக்கால் உயரத்தில் நின்றது. என் முனையில் அதற்கு மேல் ஒரு சாண்.

"ஏ ஆத்தா, வீட்டுப்பக்கம்தான் பள்ளம். தண்ணியெல்லாம் சுவத்துக்குத்தான் வரும்."

"குழாயில காத்து நிக்கும். ஓடைப்பக்கம் எறக்கமாக் கெடக்குறது ஒனக்குத் தெரியலையா?"

குமிழி ஒன்றுகூட இல்லை என்று காட்டினேன். கேட்டால்தானே! அந்தக் குழாயாலேயே அவள் முதுகில் நாலு போடலாம்போல எனக்கு ஆத்திரம். அப்போதே மழை இறங்கிவிட்டது.

வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் திரண்டது. கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு வீட்டைப் பார்த்து நகர்ந்தது. சூர்யகலா மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது... தண்ணி மேட்டுல ஏறுது."

"ஏறல. எறங்குது. நான் இங்கிட்டு மண்ணப் போட்டு மறிக்கிறேன். நீ ஓடைப்பக்கம் ஆழமா வெட்டு, வெரசா."

ஓடினாள். வெட்டவில்லை. ஓடைப்பக்கம் ஏற்கெனவே பள்ளம்தான் என்று அவள் கண் இன்னும் சாதிக்கிறது. நடுவில் மேடாகத் தெரிந்த இடத்தைப் போய்ச் சுரண்டினாள். நான் போட்ட மண் கரைந்து காலுக்கிடையில் ஓடியது.

ஜன்னல் வழியே பாண்டியராஜின் குரல் வந்தது. "சூர்யா, சுவரு நனையுதுடி."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஓடைப்பக்கம் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடியபடியே வெட்டினாள். தண்ணீர் தன் கால் பக்கம் திரும்பி, கணுக்காலைத் தள்ளிக்கொண்டு ஓடையில் விழும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

உள்ளே போனோம். சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறியிருந்தது, ஆனால் நின்றது. சூர்யகலா ஈரச் சேலையோடு கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என் கண்ண நம்பி, ஒங்களக் கொன்னுருப்பேனே," என்று அழுதாள்.

பாண்டியராஜ் அவள் தலையில் கைவைத்தார். "போனத் தூக்கிக்கிட்டுச் சண்டை போட்டேன்தான். ஆனா நானும் ஒன் கண்ணத்தான நம்பி இங்க படுத்துக் கெடந்தேன்."