தோற்கிற அணிக்குச் சம்பளம் அதிகம்

கூடைப்பந்து கோச் வேலையில் அணி ஜெயித்தால் பெண்கள் கெட்டிக்காரிகள், தோற்றால் கோச் தண்டம். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைப் போலவே தொண்டை கிழியக் கத்திப் பிழைக்கும் சகபாவிகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் வரிசையாகக் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த கல்லூரி அணியை உதறிவிட்டு, ஓர் ஆட்டம்கூட ஜெயித்தறியாத ஒரு பெண்கள் கல்லூரிக்கு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், நான் போய்ச் சேர்ந்தேன். லட்சியம், சேவை என்று ஏதாவது நினைத்துவிடாதீர்கள். சம்பளம் இரண்டு மடங்கு. "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்ட தோழிகள், சம்பளத்தைச் சொன்னதும் "அங்கே இன்னொரு வேலை காலியிருக்கா?" என்றார்கள்.

சம்பந்தி மரியாதை

கல்லூரியின் தாளாளருக்கு ஜவ்வரிசி ஆலையும் உண்டு. நேர்காணல் ஆலைக் களத்திலேயே நடந்தது. தரை முழுக்க வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருக்க, அவர் வெறுங்காலோடு ஓரமாக நடந்தபடி பேசினார். நான் கொண்டுபோன சான்றிதழ்களை வாங்கி, காற்றில் பறந்துவிடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாரே தவிர, ஒன்றையும் படிக்கவில்லை. கம்பைநல்லூரில் இவருடைய சம்பந்தி ஒரு கல்லூரி நடத்துகிறார். வருடா வருடம் அங்கே நடக்கும் போட்டியில் நம் பெண்கள் அவர்களிடம் தோற்பார்கள். சம்பந்தி அதை விருந்துப் பந்தியில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருடமும் தோற்றால், விளையாட்டுக்காகக் கொடுக்கும் இலவச இடங்களை அடியோடு நிறுத்திவிடப்போவதாகச் சொன்னார். அணியில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த இலவச இடத்தில்தான் படிக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரோ கவலையே இல்லாமல் முடித்தார்: "எனக்கு பெரிய கப்பெல்லாம் வேண்டாமுங்க மேடம். அந்த மனுசன ஒருக்கா ஜெயிச்சுக் குடுங்க, நான் எம் பொண்ணு வூட்டுல நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கோணும்."

மரியாதையான பந்து

முதல் நாள் பயிற்சியில் வாயடைத்து நின்றேன். பந்து கைமாறும் அழகு அப்படி. ஸ்டெல்லாவிடமிருந்து கோகிலா, கோகிலாவிடமிருந்து அடுத்தவள், அங்கிருந்து மறுபடி ஸ்டெல்லா. ஸ்டெல்லா கேப்டன், பக்கத்து ஊர்க்காரி. கோகிலா வத்தல்மலைப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பந்து சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இருபத்து நாலு வினாடிக்குள் கூடையைப் பார்த்து எறிய வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. ஒருத்தியும் எறியவில்லை.

விசிலை ஊதி நிறுத்தினேன். கூடைக்கு நேர் கீழே, தடுக்க ஆளில்லாமல் நின்ற கோகிலாவிடம், ஏன் போடவில்லை என்று கத்தினேன். அவள் என்னை ஒரு நாகரிகமில்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னாள்: "ஸ்டெல்லாக்கா நிக்கறப்ப நான் முந்திக்கிட்டு போட்டா நல்லாவாங்க இருக்கும்?"

போன் பேசிவிட்டு வந்தபோது

கோபத்தில், எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓடுங்கள் என்று தண்டனை கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து அம்மா கூப்பிட்டார். அம்மாவின் போன் எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பேசி முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, தண்டனையையே மறந்துபோய்த் திரும்பி வந்தால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதிலும் பேசிக்கொண்டு ஓடுகிறார்கள்! விடுதிச் சாம்பாரைப் பற்றி விவாதம். ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. சென்னையில் என் நட்சத்திர ஆட்டக்காரிகள் இதில் கால்வாசி ஓடியிருந்தால் ஆம்புலன்ஸ் கேட்டிருப்பார்கள். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். கோகிலா ஓடிக்கொண்டே பதில் சொன்னாள்: "எப்ப நிறுத்தறதுன்னு நீங்க சொல்லலீங்களே மேடம்."

கல்யாணப் பேச்சு

அரூரிலிருந்து ஒரு அணியை அழைத்துப் பயிற்சி ஆட்டம் வைத்தேன். அவர்களில் சுறுசுறுப்பான ஒரு பெண்ணைக் கோகிலா தடுக்க வேண்டும். இவளோ அந்தப் பெண் வரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டாள். ஒருமுறை பந்தையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் பிடித்து உலுக்கினேன். கோகிலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்: "எங்கண்ணனுக்கு அந்தப் புள்ளையத்தானுங்க பேசியிருக்காங்க. நான் இடிச்சுத் தள்ளிவுட்டு, அவங்க வூட்டுல வேண்டாம்னுட்டா, எங்கம்மாவுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

மரவள்ளிக் காட்டில்

ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை. ஸ்டெல்லா வீட்டுக் காட்டில் களையெடுப்பு என்றார்கள். கையோடு இழுத்துவருவது என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வரப்பில் ஏறியதும், திட்டத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஆளுக்கொரு சாலாக, அதாவது ஒரு செடிவரிசையாகப் பிடித்து மரவள்ளிக்குள் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். கோகிலா முதலில் முடித்தாள். முடித்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பின்தங்கியிருந்தவளின் சாலை அந்தக் கடைசியிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். அடுத்து முடித்தவள் இன்னொருத்தியின் சாலுக்குப் போனாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோரும் ஒன்றாகக் காட்டை முடித்தார்கள்.

சகபாவிகளே, கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு நாம் கற்றுக்கொடுக்கிறோமே, தான் தடுக்க வேண்டிய ஆளைப் பார்த்துக்கொண்டே பக்கத்தவளுக்கும் துணைக்கு ஓடுவது, அது இதுதான். என் சாம்பியன் அணிக்கு அதைச் சொல்லிக்கொடுத்து எனக்குத் தொண்டைதான் போனது. இங்கே அது மண்ணில் தானாக நடந்துகொண்டிருந்தது. வெட்கம் பார்க்காமல் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்டெல்லாவின் அம்மா களைக்கொத்தோடு ஓடிவந்தார். "ஏனுங்க மேடம், வெயில் ஒத்துக்கலீங்களா? எம் பொண்ணுக்கு அந்த சீட்டு மட்டும் போயிட்டா திருப்பூரு பனியன் கம்பெனிதானுங்க, நானே அழுவாம நிக்கறேன், நீங்க எதுக்கு அழுவறீங்க?"

தவறினால் என்ன

தடுப்பாட்டத்துக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "களத்தில் அடுத்தவள் சாலை மறந்துடாதீங்க" என்றேன், அவ்வளவுதான். ஆனால் கூடையைப் பார்த்து எறியத்தான் கை வரவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாக ஆசை காட்டினேன். கடைசியில் ஒருநாள் அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, பாதிக்கு மேல் தவறத்தான் செய்யும், உலகத்தில் யார் எறிந்தாலும் தவறும், தவறியதை எடுக்கத்தான் மற்ற நாலு பேர் நிற்கிறார்கள் என்றேன்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தன் கையால் பந்து வீணாகிவிட்டால் மற்றவர்கள் ஓடிய ஓட்டமெல்லாம் போச்சே என்றுதான் இத்தனை நாளும் பயந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்: "தவறுனாப் பரவால்லீன்னு மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? நாங்க என்னமோ குத்தம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்!"

கம்பைநல்லூரில்

சம்பந்தி வெளியூரிலிருந்து உயரமான பெண்களாகப் பார்த்துச் சேர்த்திருந்தார். பக்கத்தில் நின்றால் நம் பெண்கள் அவர்கள் தோளுக்குத்தான் வந்தார்கள். தாளாளர் முன்வரிசையில் சம்பந்திக்குப் பக்கத்து நாற்காலியில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவின் அம்மா மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி நின்றார்.

எதிரணி எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நம் ஆள் இருந்தாள். ஒருத்தி ஏமாந்தால் அந்த இடத்தில் இன்னொருத்தி, அவள் விட்டதில் மூன்றாமவள். நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. இத்தனை வருடம் கோச்சாக இருந்தும், அன்றைக்கு டிக்கெட் வாங்காமல் வந்த ரசிகை மாதிரிதான் நின்றிருந்தேன். அதிகம் கூடை விழாத, பல்லைக் கடிக்கவைக்கும் ஆட்டம். முடியச் சில வினாடிகள் இருக்கும்போது ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஸ்டெல்லாவை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். பந்து கோகிலாவுக்கு வந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. என் உயிரும் கூடவே தெறித்தது. அடுத்த கணம் கூடைக்கடியில் வெறும் கைகளாகத் தெரிந்தன, எல்லாம் நம் சட்டை போட்ட கைகள். பந்து மறுபடி மேலே எழும்பி உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

ஸ்டெல்லாவின் அம்மா கயிற்றைத் தாண்டி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார். தாளாளர் எழுந்து, இலவச இடங்கள் இனி தன் காலம் வரைக்கும் உண்டு என்று மைக்கே இல்லாமல் அறிவித்தார். கடைசிப் பந்தைப் போட்டது யார் என்று நம் பெண்களைக் கேட்டேன். ஐந்து பேரும் விழித்தார்கள். பிறகு கோகிலா சொன்னாள்: "அத யாருங்க பாத்தா? நாங்க எல்லாரும் அங்கதானுங்க இருந்தோம்."

பலகாரத்தட்டு

மறுநாள் தாளாளர் ஆலைக்கு வரச்சொன்னார். மைசூர்பாகும் மிக்சரும் வைத்து, காபி வந்து, முகமெல்லாம் சிரிப்பு. சம்பந்தி வீட்டில் நேற்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். சம்பள உயர்வுதான் வரப்போகிறது என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "தோக்கற டீமுன்னுதானுங்க அவ்ளோ சம்பளம் பேசுனேன். இப்பத்தான் ஜெயிக்க ஆரம்பிச்சிருச்சே, பாதியாக் கொறச்சுக்கலாமுங்களா மேடம்?"

அதே வாரம், இதைவிட மோசமாகத் தோற்கும் ஓர் அணிக்கு இதைவிட அதிகச் சம்பளத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்; யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மைதானத்தில் பெண்கள் எனக்காகக் காத்திருந்ததால் ஓடினேன்.

சம்பளத்தைப் பார்த்துத் தோற்கிற அணியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஓர் ஆபத்துதான் இருக்கிறது, சகபாவிகளே: அது ஜெயிப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பாதிச் சம்பளத்துக்கும் "சரிங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.