காயப்போட்ட செடி

நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. முடிவெட்டும் கடையில் தலைக்குத் தண்ணீர் பீச்சுவார்களே, அந்த வகை. அதன் விசையில் பழைய சேலைக் கரையைக் கிழித்து வளையமாக முடிச்சிட்டிருக்கிறது. வருடக்கணக்கான கையழுக்கில் கறுத்துப்போன துணி. விரல் மடங்காதவர்கள் அந்த வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்து இழுத்தால் போதும், விசை அமுங்கி, தண்ணீர் புகையாகப் பறக்கும். என் சித்தி தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இன்று அது என் விருதுநகர் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. பக்கத்திலேயே தேங்காய் மட்டையில் கட்டிய ஆர்கிட் செடி, இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சிக் கொத்தாக. மார்கழி பிறந்துவிட்டது. குப்பி காலியாக இருக்கிறது. காலியாகத்தான் இருக்க வேண்டும்.

சித்தி, அம்மாவின் தங்கை. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் காயப்போடும் மேடையில் வேலை பார்த்தாள். வெடிமருந்து அடைத்த சரக்கைத் தட்டுத் தட்டாக வெயிலில் பரப்ப வேண்டும், காய்ந்ததும் அள்ள வேண்டும். ஒரு சித்திரை மதியம் அள்ளும்போதே தட்டு பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தது. வலக்கை விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, அவித்த பனங்கிழங்குக் கட்டு மாதிரி ஆயின. முதலாளி தன் சிவகாசி வீட்டிலேயே அவளுக்கு வேலை போட்டுக்கொடுத்தார். பெரிய மனசு என்றது ஊர். அந்த வீட்டின் முன்னறைதான் கம்பெனியின் லேபிள் ஆபீஸ். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு மயிலும் புலியும் வரைந்துகொண்டிருந்தேன் நான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சித்தியும் நானும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அவளைப் பாவம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் நாக்கு அப்படி. நான் வரைந்த மயிலைப் பார்த்து, "ஏலே, இது மயிலா, மழையில நனைஞ்ச கோழியா? வெடிக்கதுக்கு முன்னாடியே செத்துப்போயிருக்கு" என்பாள்.

முதலாளியம்மா கொடைக்கானலுக்குப் போனபோது ஒரு தோட்டக்காரரிடமிருந்து அந்தச் செடியை வாங்கிவந்தார். மண் வேண்டாம், மரத்தில் ஒட்டிக்கொண்டு காற்றையும் மழையையும் தின்று வாழும். வாங்கிவந்து தொங்கவிட்டதோ மழையைத் திட்டும் வீட்டில். தூறல் விழுந்தால் சரக்கு காயாதே என்று வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவர்கள் அவர்கள். அந்த முற்றத்துக் கம்பிவலையில், மழைக்கென்றே பிறந்த ஒன்று வேரைத் தொங்கவிட்டு ஆடியது. தண்ணீர் விடுவது சித்தியின் பொறுப்பு. "இதுக்குப் பேரு செடியா? தரையில நிக்கத் துப்பில்லாத சனியன்" என்று திட்டிக்கொண்டே பீச்சுவாள்.

அதன் வேர்கள் பேசும். காய்ந்தால் சுண்ணாம்புக்கட்டியாய் வெளுக்கும், நனைந்தால் கண்ணெதிரே பச்சையாகும். சித்திரை வைகாசியில் அந்தப் பச்சை நிற்கவே நிற்காது. காலையும் மாலையும் பீச்சி, பின்னால் ஈரச்சாக்கும் கட்டித் தொங்கவிடுவாள், ஆலையில் மருந்துக் கூடத்து வாசலில் தொங்குமே, அதே மாதிரி. ஆடிக் காற்று அதைவிட மோசம். நனைத்துத் திரும்புவதற்குள் வேர் வெளுத்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் வேர்நுனி கருகும் என்பதால் ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்துப் பூட்டி வைத்திருந்தார் முதலாளியம்மா. கோடையில் வேலைக்காரர்களுக்கு போர்க்குழாயின் உப்புத் தண்ணீர், செடிக்கு மழைத் தண்ணீர். ஒருநாள் சித்தி குப்பியைத் திருப்பித் தன் வாய்க்குள் பீச்சிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். "செடிக்குள்ளதப் பிடுங்கிக் குடிக்கியே, நீ வெளங்குவியா?" என்றார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை. டிரம் சாவி அன்றிலிருந்து அவர் இடுப்புக்கு ஏறியது. காலையில் ஒரு சொம்பு அளந்து கொடுப்பார்.

கார்த்திகை முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்று தோட்டக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். இலை கொட்டும், தண்டு சுருங்கும், செத்த மாதிரி தெரியும், பயப்படக் கூடாது. அந்தப் பட்டினியில்தான் கணுவுக்குக் கணு மொட்டு வைக்கும். அந்த வருடம் மாசியில் முதலாளியம்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டாரிடம் பூவைப் பற்றி ஏற்கெனவே பெருமை பேசியாகிவிட்டது. சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நிச்சயத்தன்னைக்கு இது பூத்து நிக்கணும். இல்லன்னா மறுநாளே நீ ஏழாயிரம்பண்ணை ஆலை வேன்ல ஏறிரு. அங்கன காயப்போட ஆள் இல்லாமத்தான் இருக்கு." சித்தி ஒட்டிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையாட்டினாள். திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அப்போதுதான் அவளுக்கு எம்புட்டுப் பயம் என்று தெரிந்தது.

மார்கழி விடியலில் முதலாளியம்மா கோயிலுக்குப் போய்விடுவார். ஒருநாள் நான் முற்றத்தைக் கடக்கும்போது வேர்கள் பச்சையாக இருந்தன. சித்தி கையில் குப்பி. தனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரை அதில் ஊற்றி வைத்திருந்தாள். "என்ன சித்தி, தண்ணி விடக் கூடாதுன்னு சொன்னாகள்ல?" என்றேன். "காய்ஞ்சு கெடக்கதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியலலே. காய்ஞ்சதெல்லாம் பத்தும்" என்றாள். அந்த மேடையில் வெந்தவளைத் தவிர வேறு யாருக்கும் அந்த வாக்கியம் வாயில் வராது. காய்தல் என்பது அவளுக்கு நெருப்புக்கு முந்திய நிமிடம். மறுநாளும் பீச்சினாள். மாதம் முழுவதும் பீச்சினாள்.

தை பிறந்ததும் கணுக்களில் பச்சை முத்துகள் புடைத்தன. வீடே கூடிப் பார்த்தது. முதலாளியம்மா சித்தியின் இடக்கையில் ஒரு கிண்ணம் பூந்தி வைத்தார். அந்த வீட்டில் அவள் தின்ற ஒரே இனிப்பு அதுதான். பத்து நாள் போல அவள் பழைய நாக்கோடு நடமாடினாள், என் புலிக்குச் சொறி பிடித்திருக்கிறது என்றாள். பிறகு முத்துகள் விரிந்தன. இதழ் இல்லை, இலை. இலைக்கு அடியில் நூல் போல வேர். பட்டினி கிடந்தால் பூவைக் காட்டும் செடி, தண்ணீர் கண்டால் குட்டி போடுமாம். தோட்டக்காரருக்குப் போன் போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு தண்ணி விட்டது?"

முதலாளியம்மா நாற்காலியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். "நீ வளத்ததுதான? நீயே பிச்சுப் போடு." சித்தி இடக்கையை நீட்டினாள். "அந்தக் கை இல்ல. சோறு போட்ட வீட்டுக்கு வினை செஞ்ச கை இருக்குல்ல, அதால." ஒட்டிய கையால் அவள் ஒவ்வொரு குட்டியாக நெம்பினாள். வழுக்கியது. மறுபடி நெம்பினாள். ஆபீஸில் மௌஸ் சத்தம் நின்றுபோனது. சமையல்கார அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். குட்டிகள் தரையில் விழுந்து, ஈர வேர் பளபளக்கக் கிடந்தன. முடிந்ததும் குப்பியும் அவள் காலடியில் வந்து விழுந்தது. "இதையும் எடுத்துட்டுப் போ. உன் கை பட்டத இனி யாரு தொடுவா?" நிச்சயதார்த்தத்துக்கு மதுரையிலிருந்து கடையில் வாங்கிய பூந்தொட்டிகள் வந்தன. சித்தி மறுநாள் விடிகாலையில் வேனில் ஏறினாள். தரையில் கிடந்த குட்டி ஒன்று அவள் மடியில் வந்திருந்தது.

இந்த இடத்தில் அவளைக் கொன்றுவிட்டால் கதைக்கு வசதி. அவள் சாகவில்லை. மீண்டும் காயப்போடும் மேடை, சில வருடத்தில் அந்த மேடைக்கே கங்காணி. குட்டியைத் தேங்காய் மட்டையில் கட்டிக் கூரை விளிம்பில் தொங்கவிட்டாள். அது தேறிய பிறகு வந்த மார்கழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. மாசியில் அது வெளிர் ஊதாவாகப் பூத்தது. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். "பாத்தியாலே? பட்டினி போட்டேன், பல்ல இளிக்கி." மறுநாள் அதை மட்டையோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனாளாம். மேடையில் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிற பெண்களிடம் வேனுக்குள்ளேயே தூக்கிக் காட்டி, "இதப் பாருங்கடி. தண்ணி தண்ணின்னு பறக்காமக் கெடந்தா இப்படிப் பூக்கலாம்" என்றாளாம். கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி, "அப்ப நீங்க எப்பக்கா பூக்கப் போறீக?" என்று கேட்க, வேனே குலுங்கிச் சிரித்திருக்கிறது. சித்தி சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பெண்ணை நிழல் விழாத மூலையில் நிறுத்தினாள். இதை என்னிடம் சொன்னவளும் சித்திதான். சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன், சிவகாசி வீட்டு முற்றத்தில்.

கடைசியில் நெஞ்சில் படிந்த மருந்துத்தூள் அவளை மெதுவாக எடுத்துக்கொண்டது. செடியும் குப்பியும் என்னிடம் வந்தன. ஒவ்வொரு மாசியும் பூக்கிறது. வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நேற்று என் மனைவி ஜன்னலில் நின்று, "ஏங்க, வேரெல்லாம் வெளுத்துப்போச்சு. பாக்கவே நெஞ்சு அடைக்கி. ஒரே ஒரு பீச்சு விடட்டா?" என்று கேட்டாள். "விடாத, பூக்காது" என்றேன். சத்தம் போடவில்லை. அவள் போன பிறகு, அந்தக் கறுத்த வளையத்துக்குள் என் மணிக்கட்டை நுழைத்து இழுத்துப் பார்த்தேன். காலிக் குப்பி வறட்டென்று ஒருமுறை இருமியது. செடியில் ஒன்றும் படவில்லை.