சேக்காட்டுச் சுவரில் திரும்பி நின்றவன்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். வீரராகவனும் இந்த மாதிரி சமாச்சாரங்களைக் கேட்டுச் சிரித்தவர்தான். இப்போது சிரிப்பதில்லை. போன சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பதினோரு பேர் கூட இருக்கும்போதே அவருக்கு நடந்தது இது.

வீரராகவன் அம்பத்தூர்க்காரர். விசிட்டிங் கார்டில் 'சுவரோவிய ஆய்வாளர்' என்று போட்டிருப்பார். ஆய்வு செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்டதில்லை. அங்கே இங்கே பேசி அனுமதி வாங்கி, நாலு இடத்தில் மேஜிக் படங்கள் வரைய வைத்திருந்தார். தொப்பியிலிருந்து புறா, பறக்கும் கம்பளம், அந்தரத்தில் மிதக்கும் பெண்... ஞாயிறுதோறும் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நாலு சுவருக்கும் விளக்கவுரை வழங்குவார்.

வரைந்தது ஜோசப்ராஜ். கட்சி விளம்பரம் எழுதும் பெயின்டர். எழுத்து அச்சு மாதிரி விழும். மூஞ்சி மட்டும் வராது. அதனால் மூன்று சுவர்களில் மேஜிக்காரனுக்கு முதுகை மட்டும் வரைந்து தப்பித்துக்கொண்டான். "இந்த முதுகு, சமூகத்தை நோக்கி ஒரு கலைஞன் எழுப்பும் கேள்வி" என்பார் வீரராகவன். கூட்டம் தலையாட்டும்.

நாலாவதான சேக்காட்டுச் சுவரில் மட்டும் முகம் உண்டு. அது ஜோசப்ராஜ் போட்டதில்லை. பைபாஸில் பைக் மோதி இறந்துபோன கோபி என்கிற பையனுக்கு, அவன் கூட்டாளிகள் வேறு ஓவியரை வைத்து முன்பே வரைந்திருந்த அஞ்சலிப் படம்.

"வெள்ளையடிச்சிடவா அண்ணாத்தே?" என்று கேட்டான் ஜோசப்ராஜ்.

"எதுக்கு? முகம் அம்சமா இருக்கு. தொப்பியும் மீசையும் வச்சு விட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

தெரிந்துவிட்டது. தை மாதம் நடந்த திறப்பு விழாவுக்கே கோபியின் அம்மா வடிவு வந்து நின்றாள்.

"சார், இது எம் புள்ள மாதிரியே கீது. மீசை இன்னாத்துக்கு சார் வச்சீங்க?"

வீரராகவன் கழுத்தில் அப்போதுதான் சால்வை விழுந்திருந்தது. பக்கத்தில் பெரிய மனிதர்கள். அவர் சிரித்தபடியே சொன்னார்: "இல்லம்மா. இது உங்க புள்ள இல்ல. இவரு உலகப் புகழ் பெற்ற மேஜிக்காரரு."

அவள் சண்டை போடவில்லை. சுவரைப் பார்த்து, "இல்லியாம்டா" என்றாள். போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை மூன்று மாதமாக அவரைச் சோறு தின்ன விடவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். வேனில் ஆட்கள் இருப்பார்கள். மரியாதை என்னாவது? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார்.

அந்த ஞாயிறு. காலை 10:05. வானகரம்.

"இந்த முதுகைப் பாருங்கள்..." என்று ஆரம்பித்தார்.

"முதுகா அங்கிள்? காது தெரியுதே" என்றாள் கூட்டத்தில் வந்த ஜெனிஷா என்ற கல்லூரிப் பெண்.

தெரிந்தது. இடது காது. போன வாரம் அது இல்லை. வண்ணம் புதிதாகவும் இல்லை. காதின் மேலும் பழைய தூசி படிந்திருந்தது.

10:50. அம்பத்தூர். இங்கே கன்னம் தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு சத்தம்... சர்ரக்... சர்ரக்... காய்ந்த சுவரில் பிரஷ் இழுக்கிற சத்தம். சுற்றிப் பார்த்தார். பிரஷோடு யாரும் இல்லை.

11:35. ஆவடி. பாதி முகம். மீசை இல்லை. ஒரு கண். அது கம்பளத்தைப் பார்க்கவில்லை... அவரைப் பார்த்தது.

ஜோசப்ராஜுக்கு போன் போட்டார். "நீ மறுபடி வந்து வரைஞ்சியா?"

"இன்னா அண்ணாத்தே, கலாய்க்கிறியா? எனக்கு மூஞ்சி வருமா? ஒரு வாரமா காய்ச்சல்ல ஊட்ல கெடக்குறேன்."

12:20. சேக்காடு. உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை.

தொப்பி இருந்தது.

புறா இருந்தது.

முகம்...

இல்லை. பின்னந்தலை. சுவருக்குள் பார்த்தபடி திரும்பி நின்றிருந்தான்.

"இதுதான் அங்கிள் சூப்பர்" என்றாள் ஜெனிஷா. "இந்த முதுகுக்கு என்ன அர்த்தம்?"

வீரராகவன் சுவரை நெருங்கிப் போனார்.

சர்ரக்... அவர் காதுக்குப் பக்கத்திலேயே.

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். நடை ஓட்டமானது. இரண்டு தெரு தள்ளி வடிவின் வீடு. வாசலிலேயே கை கூப்பினார்.

"அம்மா... அது உங்க புள்ளதான். நான் பொய் சொல்லிட்டேன்."

வடிவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "ஆனா அவன் நம்பிட்டான்."

"என்னம்மா சொல்றீங்க?"

அவள் உள்ளே கை காட்டினாள். மாலை போட்ட படம். கண்ணாடிக்குள், குங்குமப் பொட்டுக்குக் கீழே, ஒரு பின்னந்தலை.

"நீங்க சொன்னீங்களே, அன்னிக்கு சாயந்தரமே திரும்பிக்கினான். நானும் தெனம் கூப்புட்டுப் பாக்குறேன்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். கோபி படித்த பத்தாம் வகுப்பு எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ.

வீரராகவன் எண்ணிப் பார்த்தார். நாற்பது பையன்கள்.

முப்பத்தொன்பது பேர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.