ஐஸ் கம்பெனியில் உறைந்த கடல்

தஞ்சாவூரில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த காலத்தில், எங்கள் துறையில் பாதிப் பேர் வெளிநாடு போவதைப் பற்றியும் மீதிப் பேர் போனவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நார்வேயில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த என் கைடு, எனக்கென்று ஒரு தலைப்பைக் கொண்டுவந்தார். உறைந்த கடலில் எண்ணெய் கொட்டினால் அது எங்கே போகும் என்பதுதான் அது.

"நல்ல ரிசல்ட் காட்டினா அவங்களே கூப்பிட்டுக்குவாங்க. யோசிக்காதம்மா."

திருவாரூர் பக்கம் நடவு வேலைக்குப் போகிற குடும்பத்திலிருந்து முதலில் எம்.எஸ்ஸி. முடித்தவள் நான். பனிக்கட்டியைச் சர்பத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் யோசிக்கவில்லை.

எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. எங்கள் வயல்களுக்கு நடுவிலேயே எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. அனுமதி வாங்கி ஒரு கேன் கச்சா எண்ணெய் கொண்டுவந்தோம். கடல்தண்ணீருக்கு நாகப்பட்டினம் போனால் போதும். குளிர்தான் கிடைக்கவில்லை.

கடல் மேலிருந்து கீழ்நோக்கி உறையும். டீப் ஃப்ரீசரில் வைத்த தண்ணீரோ நாலு பக்கமிருந்தும் உறைந்துவிடும். அதனால் கண்ணாடித் தொட்டியின் பக்கங்களிலும் அடியிலும் உமியைத் திணித்து, மேற்பரப்பில் மட்டும் குளிர் படும்படி செய்தேன். பாலாடை மாதிரி பனி படிந்து, மெல்லத் தடிக்கும். அதற்கு அடியில் ஊசிக்குழாயால் எண்ணெயை விடுவேன். எண்ணெய்க்குக் கீழேயும் பனி வளர்ந்து, அதை நடுவில் பிடித்துவைக்க வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விடும்.

ஒருமுறை இருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் இதே கதைதான். காலையில் ஃப்ரீசரைத் திறந்தால் கலங்கல் தண்ணீரில் எண்ணெய் மிதந்துகொண்டிருக்கும். மின்வாரியத்துக்குப் போன் செய்தால், "லைன்ல வேலை நடக்குதும்மா" என்பார்கள். எங்கள் அறையில் யுபிஎஸ் இருந்தது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். என் ஜூனியர் அதன் முன் உட்கார்ந்து இதே உறைந்த கடலைக் கம்ப்யூட்டர் கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் நாகப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்குப் போய்க் கெஞ்சினேன். அங்கே டீசல் ஜெனரேட்டர் ஓடியது. முதலாளி நல்ல மனிதர். ஐஸ் பார்களை அடுக்கும் அறையில் ஒரு மூலையைக் காட்டினார்.

"வச்சுக்கம்மா. ஆனா நாத்தம் வரக்கூடாது."

தெருவே மீன் நாற்றத்தில் மூழ்கியிருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அங்கே பனி உறைந்தது. எண்ணெய் அதன் நடுவில் கறுப்புத் தகடாகச் சிக்கிக்கொண்டது. பனிக்குள் வெப்பமானி வயர்களைப் பதித்திருந்தேன். தினமும் பஸ்ஸில் போய் அளவு குறித்துவந்தேன். இனி மெதுவாகச் சூடேற்றி, எண்ணெய் எந்த வெப்பத்தில் நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

அன்று போனபோது தொட்டி முற்றத்தில் வெயிலில் கிடந்தது. வயர்களைப் பிடுங்கித் தனியாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"ஐஸ்ல எண்ண நாத்தம் அடிக்குதுன்னு போட்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்கம்மா. மீன் ஏலம் போகலைன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"இன்னும் நாலு நாள்தான் சார் கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க. அவங்க கேக்க மாட்டாங்களே."

தொட்டியின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பனி இளகிக்கொண்டிருந்தது. அதற்குள் மயிரிழை போன்ற உப்புநீர்த் தடங்கள் திறந்து, அவற்றின் வழியே எண்ணெய் மேலே ஏறியது. மேற்பரப்பில் கறுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்தன. இத்தனை மாதம் நான் பார்க்கத் துடித்தது இதைத்தான். பனிக்குள் வெப்பமானி இல்லை, கையில் கேமரா இல்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

"கண்ணால பார்த்ததை எப்படிம்மா தீசிஸ்ல எழுதறது? நம்பர் எங்க?" என்றார் கைடு. அவர் கேட்டது சரி என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஜூனியரிடம் நம்பர்கள் இருந்தன. நார்வேக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் தலைப்பை மாற்றி, கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒரு டவுட்டுங்க. நீங்க பார்த்தப்ப எண்ணெய் ஓரத்துலேர்ந்து ஏறுச்சா, நடுவுலேர்ந்தா?"

"அங்க கடலே உறைஞ்சு கெடக்குமே. அதுல பார்க்க வேண்டியதுதானே?"

"கெடக்குதுங்கக்கா. ஆனா அதுல எண்ணெய் ஊத்த பர்மிஷன் தரமாட்டேங்குறாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

சிரிப்பு வந்தது, ஆனால் மனசு ஆறவில்லை. எண்ணெய் நடுவிலிருந்துதான் ஏறியது என்று சொன்னேன். புள்ளிகள் எப்படிச் சேர்ந்தன, தடங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று அவன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.