உள்ளுக்குச் சத்தம், வெளியில நாத்தம்

அக்காவின் கல்யாணத்தன்று பேசாலை மாதா கோயில் வாசலில் என் மச்சான் சொன்ன ஒரு வசனத்துக்காகத்தான் எங்கள் காரின் டிக்கியை நான் பிரித்தேன். கேட்டவர்களிடம் பாட்டுக் கேட்க என்று சொன்னேன். அது பொய்.

கார் பழைய ஏ ஃபோட்டி. அப்பாவை விட அதற்கு வயது கூட. அதன் டிக்கியில் கருவாட்டை அடுக்கி, பாலம் தாண்டி, நறுவிலிக்குளத்து வயற்காரர்களிடம் அப்பா விற்றுவந்தார். ஒலிபெருக்கி கிடையாது. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொண்டையாலேயே கூவுவார்: “சீலாக் கருவாடு, கட்டாக் கருவாடு, வாளேய்ய்...” அந்த வாளையின் வால் அடுத்த ஒழுங்கை வரைக்கும் போகும்.

கல்யாணத்துக்காகக் காரைக் கழுவி, சாம்பிராணி பிடித்து, பூவும் கட்டியிருந்தோம். அக்கா ஏறுவதற்குக் கால் வைத்தாள். அந்த மச்சான், மாமாவின் மகன், வாடகைக்கு வான் ஓடுகிறவன், மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தான்.

“இதுக்குள்ளயோ பொம்பிளைய ஏத்தப் போறியள்? உள்ளுக்குச் சத்தம், வெளியில நாத்தம்!”

எதுகை நன்றாக விழுந்ததால் சனம் இரண்டு மடங்கு சிரித்தது. அக்கா காலை எடுத்துவிட்டு அவனுடைய வானில் ஏறினாள். அவளில் எனக்குக் கோபமில்லை, உடுத்திருந்தது வெள்ளைக் கல்யாணச் சேலை, கறை பட்டால் போகாது. அப்பா காரில் கட்டிய பூக்களைக் கழற்றினார். அதற்குப் பிறகு கருவாட்டை லொறிக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்தார். நறுவிலிக்குளம் போகவில்லை. கூவவும் இல்லை.

நான் படித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவன். கை சும்மா இருக்காது. முதலில் டிக்கியைத் துரு போகச் சுரண்டினேன். சத்தத்தை அடக்க மெத்தென்று ஏதாவது வேண்டும் என்று யோசித்து, மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வெட்டி உட்பக்கம் முழுக்க ஒட்டினேன். கரையில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பக்கத்துத் தாராபுரம் போய்த் திரும்புவதற்குள், குலுக்கலில் ரெஜிபோம் எலிக்கூட்டம் போலக் கிறீச்சிட்டது. வெயில் ஏற, அதில் ஊறிக் கிடந்த மீன்தண்ணி மணக்கத் தொடங்கியது. மச்சான் சொன்ன சத்தத்தையும் நாத்தத்தையும் நானே விலைக்கு வாங்கிப் பூட்டியிருந்தேன்.

எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். தகரத்தில் தார் ஷீற்றைச் சூடாக்கி அழுத்தினேன். விரலால் தட்டினால் முன்பு ‘டங்’ என்றது, இப்போது ‘தொப்’ என்றது. பின்சீற்றுக்கும் டிக்கிக்கும் நடுவே கனமான பலகை அடித்து, அதன் பின்னால் கழித்துவிட்ட நைலோன் வலைகளைத் துவைத்துக் காயவைத்துத் திணித்தேன். படகுக்குப் பூசும் ரெசினும் பைபர் நாரும் கொண்டு ஸ்பீக்கர் பெட்டியை டிக்கியின் வளைவுக்கே வார்த்தேன். வாய் வெளியே பார்த்தபடி நான்கு ஸ்பீக்கர்கள். மூடியைத் திறந்தால் ஊருக்குக் கேட்கும். காருக்குள்ளே இருப்பவருக்கு முணுமுணுப்பு மட்டும்தான். ஒவ்வொரு திருகாணியை முறுக்கும்போதும் மச்சானுடைய மூக்கை நினைத்துக்கொண்டேன். ஆணிகள் நன்றாக இறுகின.

பிறகு அவனுக்கே கல்யாணம் பேசினார்கள். பொம்பிளை நறுவிலிக்குளம். படம் எடுக்க வடிவாக இருக்கும், பழைய கார்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாளாம். மச்சான் வந்து முற்றத்தில் நெளிந்தான்.

“உன்ர பழசு இப்ப ஓடுதோ?”

“ஓடும் மச்சான். நானே கொண்டு வாறன்.”

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்று பின்னேரமே கைபேசியை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினேன்.

“அப்பா, ஒருக்கால் கூவுங்கோ.”

“விசரே உனக்கு?”

“ஸ்பீக்கர் சரியோ எண்டு பாக்கத்தான்.”

செருமினார். வெட்கப்பட்டார். பிறகு கூவினார். வாளை ஒரு துளியும் குறையாமல் நீண்டது.

கல்யாணத்தன்று நறுவிலிக்குளத்துக் கோயிலில் இருந்து பொம்பிளை வீட்டுக்கு ஊர்வலம். அப்பா சனத்தோடு பின்னால் நடந்து வந்தார். புழுதிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றச் சொன்னான் மச்சான். ஏற்றினேன். உள்ளே மெல்லிசாகப் பாட்டும் போட்டேன். டிக்கி மூடி திறந்தே இருந்தது. முதல் ஒழுங்கை திரும்பியதும் பொத்தானை அமத்தினேன்.

கோழிகள் பறந்தன. படலைகள் திறந்தன. பெண்கள் சட்டியோடும் பையோடும் ஓடி வந்தார்கள். உள்ளே இருந்த மச்சானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாழ்த்த வருகிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே காரை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு மனிசி கண்ணாடியில் தட்டினாள். அவன் இறக்கினான்.

“தம்பி, சீலா இருக்கோ?”

அப்போதுதான் அவனுக்கு அப்பாவின் குரல் கேட்டது. ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. கோட்டுக்குள் அவன் வேர்த்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன். பொம்பிளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, இது எங்கட கருவாட்டுக்கார ஐயா! சின்னனில நானும் சட்டியோட ஓடினனான்!”

“நிப்பாட்டடா!” என்றான் மச்சான்.

நிப்பாட்டினேன், காரை. குரலை அல்ல. பின்னால் வந்த அப்பாவைப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். “எங்க ஐயா போனனீங்கள் இவ்வளவு நாளும்? லொறிக்காரன்ர சாமான் வாயில வைக்கேலாது.”

அப்பா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமோ என்று பயந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“வாற கிழமை வாறன், பிள்ளையள். உந்தக் காரிலதான் வருவன்.”

நான் பின்சீற்றுக்குத் திரும்பினேன்.

“கண்ணாடியை ஏத்து மச்சான். உள்ளுக்குச் சத்தம் வரப்போகுது.”