கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு

பழைய கல்யாண வீடியோ என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புரோகிதர் மந்திரம் சொன்னாலும் சரி, பாதிரியார் ஜெபம் செய்தாலும் சரி, அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். மாப்பிள்ளை வாயசைப்பார், பெண்ணின் அப்பா வாயசைப்பார், குரல் மட்டும் யாரோ ஒரு பாடகருடையது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருக்காரர்களின் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு இந்தக் கோபம் இன்னும் கூடிவிட்டது.

எதிர்வீட்டு அக்கா தன் மகளின் கல்யாணக் கேசட்டைத் துணிப்பையில் கொண்டுவந்தபோதும் முதலில் அதைத்தான் சொன்னேன். "பாட்டுதான் இருக்கும் அக்கா. இப்பவே சொல்லிட்டேன்."

"இல்லம்மா, ரிசப்ஷன்ல இவர் எல்லாருக்கும் நன்றி சொல்லிப் பேசினார். எனக்கு அது வேணும்."

இவர் என்றது, கூடவே வந்திருந்த அவர் கணவரை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் சார். தொண்டையில் புற்றுநோய் வந்து, போன வருஷம் ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. ஃபோனில் எதுவும் இல்லையா என்று கேட்டேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளே இல்லையாம். 'வீட்டுக்கு வந்து சொல்றேன்' என்று டைப் பண்ணி முடித்துவிடுவாராம். அவர் குரல் மிச்சம் இருந்தால் அந்தக் கேசட்டில்தான் இருக்க வேண்டும்.

"இப்பல்லாம் கை தட்டித்தான் என்னைக் கூப்பிடறார்," என்றார் அக்கா. "காக்காய விரட்டற மாதிரி." சார் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு.

கேசட்டைத் திறந்து பார்த்தால் டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்தேன். ஆனாலும் ஒரு தடவை ஓடினாலே பெரிய விஷயம், மறுதடவை போட்டால் வி.சி.ஆர். அதை மென்று துப்பிவிடும். ஓடும்போதே பிடித்தால்தான் உண்டு. படம் முன்னே பின்னே இருந்தால் பிறகு சரி பண்ணிக்கொள்ளலாம், ஒலி அப்படி இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு கோடு சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். பச்சையில் ஆடினால் நல்லது. சிவப்பில் போய் முட்டினால் குரல் கரகரவென்று கிழிந்துவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் சரியாகாது. ரொம்பத் தாழ்ந்தால் இரைச்சலில் முங்கிவிடும். அதனால் கேசட் ஓடி முடிகிற வரை கோட்டை விட்டு நான் கண்ணை எடுப்பதில்லை. வீட்டில் யார் வந்தாலும் முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடவிட்டேன். நினைத்தபடியே பாட்டு. எடுத்ததுமே கோடு சிவப்பில் போய் இடித்தது; லெவலை நன்றாக இறக்கி வைத்தேன். சர்ச் படியேறும்போது பாட்டு, தாலி கட்டும்போது பாட்டு. ரிசப்ஷனில் சார் மைக்கைக் கையில் வாங்கினார். அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சார் வாயைத் திறந்தார், ஒரு டூயட் ஆரம்பித்தது.

"அடப்பாவி!" என்று கத்தியே விட்டேன். படப்பையிலிருந்து வந்த வீடியோக்காரராம். "அந்த ஆள் மட்டும் இப்ப என் கையில கிடைக்கணும்!"

சார் என் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டி, போகட்டும் விடு என்பது போல ஆட்டினார். அக்கா, "உன்னால எழுந்திருக்க முடியாது. நான் டீ போடறேன்," என்று என் சமையலறைக்குப் போனார். அழத்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

பாட்டைத் தாங்க முடியாமல் ஸ்பீக்கரை அணைத்தேன். கடைசியில் நன்றி, வணக்கம் என்று எழுத்து ஓடியது, திரை கறுத்தது. நிறுத்தப் போன கை அப்படியே நின்றது. கோடு ஆடிக்கொண்டிருந்தது. அடியில், பச்சையில், துளியூண்டு. வெளியே விமானம் ஒன்று தாழப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வி.சி.ஆரிலிருந்து கேபிளில் வருவது மட்டும்தான் இந்தக் கோட்டில் தெரியும்.

ஸ்பீக்கரைப் போட்டேன். நாற்காலி இழுபடுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம்தான் விளங்கியது. ஒரு வி.சி.ஆர். டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்குக் காப்பி பண்ணிக்கொண்டே பாட்டுச் சேர்த்த காலம் அது. பாட்டு முடிந்ததும் அந்த வீடியோக்காரர் கேமரா ஒலியைத் திரும்ப இணைத்திருக்கிறார், டெக்கை நிறுத்த மறந்திருக்கிறார். அதற்கு முன்பே மண்டபத்தில், கேமராவுக்கு மூடியைப் போட்டுவிட்டு அதையும் நிறுத்தாமல் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். வீடியோக்காரர்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதானே. நல்ல மறதி, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்!

இரைச்சலுக்குள் ஒரு ஆண் குரல். ஒரேயடியாக ஏற்றினால் கிழிந்துவிடும் என்று லெவலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

"வீடியோ தம்பி, உக்காருங்க. ஏம்ப்பா, இங்க ஒரு இலை போடு. பாயசம் இருக்கா?"

கனத்த, வகுப்பின் கடைசி பெஞ்சு வரை போகிற குரல். பக்கத்தில் இருந்த சாரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலைலேர்ந்து பம்பரமா சுத்திட்டிருக்கா, இன்னும் ஒரு வாய் சாப்பிடல," என்று யாரிடமோ சொன்னது குரல். அப்புறம் கேமராவுக்கு வெகு அருகில் வந்து உரக்கக் கூப்பிட்டது. "ஏம்மா! வாம்மா சாப்பிட. உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

கோடு விசுக்கென்று ஏறி மஞ்சளில் நின்றது. சிவப்பைத் தொடவில்லை.

"இதோ வந்துட்டேங்க," என்றார் அக்கா, என் சமையலறையிலிருந்து.

தினமும் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சலிப்போடு. அதற்குப் பிறகுதான் அங்கே டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

நான் கோட்டை விட்டுக் கண்ணை எடுத்தேன். சார் எழுந்து நின்று சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது அவர்தானே.